லௌஷா கண்ணாடிப் பந்து: 65 யூரோ ஏமாந்த பிறகு நேரா ஊருக்கே போய் வாங்கினேன்

முதல்லயே சொல்லிடறேன், இது நீளமா இருக்கும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. கிறிஸ்மஸ் மரத்துல தொங்க விடற கண்ணாடிப் பந்து பத்தின ரிவ்யூ. ஒரு பந்துக்கு இவ்ளோ எழுதணுமாடின்னு எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு. டிசம்பர் வந்தா ஜெர்மனில இருக்கற நம்மாளுங்க பாதி பேரு "எங்க வாங்கறது, எது ஒரிஜினல்"னு கேக்கறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

நான் நூரம்பெர்க்ல நர்ஸ், வந்து ஏழு வருஷம் ஆச்சு. சொந்த ஊரு பாளையங்கோட்டை. எங்க வீட்ல கிறிஸ்மஸ் மரம்னா சவுக்கு கிளைதான். அப்பா சைக்கிள் கேரியர்ல கட்டி கொண்டு வருவாரு, காலி பெயிண்ட் டப்பால மணல ரொப்பி நட்டுட்டு, பஞ்ச பிச்சு பிச்சு மேல போட்டு, பிளாஸ்டிக் பந்து நாலஞ்சு தொங்க விடுவோம். வருஷா வருஷம் அதே பந்து, வெள்ளி கலர் உரிஞ்சு உரிஞ்சு பாதி சொட்டையா நிக்கும், சொட்டை பக்கத்த செவத்த பாத்து திருப்பி விடறது என்னோட வேலை. இது முதல்ல கண்ணாடிலதான் செஞ்சாங்கன்னு எனக்கு இங்க வர்ற வரைக்கும் தெரியாது.

எங்க வார்டுல ஒரு மூத்த நர்ஸ் ரிட்டயர் ஆகும்போது எனக்கு ஒரு முட்டை அட்டைய குடுத்துட்டு போனாங்க. உள்ள ஆறு குழில ஒண்ணுலதான் பந்து இருந்துச்சு, மத்ததெல்லாம் உடஞ்சு போச்சாம். கையில வாங்கினப்ப வெயிட்டே இல்ல, முட்டைய ஓட்டை போட்டு உள்ள இருக்கறத ஊதி எடுத்துட்டு வெறும் ஓட்ட கையில வச்ச மாதிரி. அப்ப ஆரம்பிச்சது இந்த பைத்தியம்.

சரி, ஏமாந்த கதை. போன வருஷம் அக்டோபர்ல ஒரு ஆன்லைன் சைட்ல (பேரு வேணாம்) ஒருத்தர் போட்டிருந்தாரு, 1920கள்ல லௌஷால (கண்ணாடிப் பந்துக்கு பேர் போன ஜெர்மன் ஊரு) கையால ஊதினது, பாட்டி வீட்டு பரண்ல இருந்து எடுத்தோம், 12 பந்து, ஒரிஜினல் டப்பாவோட, 65 யூரோ. போட்டோ எல்லாம் மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுத்தது, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், நான் எங்க, ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்து தூக்க கலக்கத்துல பணத்த அனுப்பிட்டேன். பார்சல் வந்துச்சு, பாக்க அழகாத்தான் இருந்துச்சு, பெருமையா வார்டுக்கு எடுத்துட்டு போய் காமிச்சேன். கூட வேலை பாக்கற ஜெர்மன் பொண்ணு டப்பாவ திருப்பி அடில ஒட்டியிருந்த லேபிள பாத்துட்டு, "பின்கோட எண்ணு"ன்னு சொல்லி சிரிச்சா. எண்ணினேன், அஞ்சு இலக்கம். அதுல என்ன இருக்குன்னு கேட்டா, ஜெர்மனில அஞ்சு இலக்க பின்கோடு வந்ததே 1993 ஜூலை 1ம் தேதிதானாம், அதுக்கு முன்னாடி கிழக்கு மேற்கு ரெண்டு பக்கமும் நாலு இலக்கம், 1920கள்ல அதுவும் கிடையாது. "பாட்டி வாங்கல, பாட்டியோட பேத்தி வாங்கியிருப்பா"ன்னு போற வர்ற டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லி மானத்த வாங்கிட்டா. வித்தவருக்கு மெசேஜ் போட்டா, தனிநபர் விற்பனை, ரிட்டர்ன் கிடையாதுன்னு ஒரே வரி பதில்.

அந்த கடுப்புலதான் லௌஷாவுக்கே போயிடுவோம்னு கிளம்பினேன்.

லௌஷா தூரிங்கியா காட்டுக்குள்ள இருக்கற சின்ன ஊரு. ஜெர்மன்ல பந்துக்கு கூகெல்னு பேரு (கூகுள் இல்லைங்க, என் போன் ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி வைக்குது). அட்வெண்ட்ல, அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரத்துல, முதல் ரெண்டு வார கடைசில அங்க கூகெல்மார்க்ட்னு ஒரு சந்தை போடுவாங்க, ஊரு முழுக்க பந்துதான். முதல் சனிக்கிழமை, நானு, வீட்டுக்காரரு, ஆறு வயசு பொண்ணு, மூணு பேரும் கிளம்பினோம். ரீஜனல் ட்ரெயின்தான், மாச டிக்கெட் இருந்தா தனியா காசு இல்ல, சோனபெர்க்ல மாறணும். அங்க இருந்து வண்டி மலைல ஊர்ந்து ஊர்ந்து ஏறுது பாருங்க, ரெண்டு பக்கமும் ஊசியிலை மரமும் பனியும், அதுக்கே டிக்கெட் காசு செரிச்சு போச்சு. லௌஷா ஸ்டேஷன்ல தண்டவாளம் முட்டி நின்னுடும், ட்ரைவர் இறங்கி நடந்து போய் அந்த பக்க கேபின்ல ஏறி வந்த திசைலயே வண்டிய எடுத்து மேல நோய்ஹவுஸுக்கு போவாரு. நாங்க இறங்கி நிக்கறப்ப வண்டி திரும்பி கிளம்பினத பாத்துட்டு என் பொண்ணு "அம்மா நம்மள விட்டுட்டு வீட்டுக்கு போகுது"ன்னு ஒரே அழுகை.

வீடெல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் கருப்பு ஸ்லேட்டு பதிச்ச செவுரு, நாம சின்ன வயசுல குச்சி வச்சு எழுதுவோமே அந்த சிலேட்டுதான். அந்த கருப்புக்கு நடுவுல ஒவ்வொரு ஜன்னல்லயும் பந்து மினுங்கறப்ப அந்த ஊருக்கு வேற அலங்காரமே தேவையில்லன்னு தோணுச்சு.

இந்த ஊருல கண்ணாடி எப்படி வந்துச்சுன்னா, 1597ல ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர்னு ரெண்டு பேரு இங்க ஆண்ட டியூக்கிட்ட அனுமதி வாங்கி உலை போட்டாங்க. உலைக்கு விறகு வேணும், விறகுக்கு காடு வேணும், அதான் மலை மேல வந்து குடியேறினது. பாட்டில், டம்ளர்னு செஞ்சவங்க அப்புறம் வீட்ல விளக்கு தீய வச்சு உள்ள காலியா இருக்கற பாசிமணி ஊத ஆரம்பிச்சாங்க. அந்த பாசிமணியோட அண்ணன்தான் இந்த பந்து.

எல்லா கடைலயும் ஒரு கதைய அச்சடிச்சு வச்சிருக்கான், 1847ல ஒரு ஏழை ஊதுகாரர் மரத்துல தொங்க விட வால்நட்டும் ஆப்பிளும் வாங்க காசில்லாம கண்ணாடில ஊதி தொங்க விட்டாருன்னு. அழகான கதைதான், ஆனா கதைதான். கையில இருக்கற ஆதாரம் அடுத்த வருஷத்துது, 1848ல ஒரு ஊதுகாரரோட ஆர்டர் புத்தகத்துல பல சைஸ்ல ஆறு டஜன் கிறிஸ்மஸ் பந்துன்னு ஒரு வரி. எனக்கு அந்த ஏழை கதைய விட இந்த கணக்கு வரிதான் பிடிச்சிருக்கு, எவனோ ஒருத்தன் டஜன் கணக்குல ஆர்டர் குடுத்திருக்கான்னா அதுக்கு முன்னாடியே சரக்கு ஓட ஆரம்பிச்சிருக்கணும்ல. ஆப்பிள் விஷயம் மட்டும் சும்மா இல்ல, டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் திருநாள், அதுக்கு நாடகம் போடறப்ப ஆப்பிள் கட்டின மரம் வைப்பாங்க. 1605ல ஸ்ட்ராஸ்பூர்க்ல வீட்டுக்குள்ள மரம் வச்சு ஆப்பிள், காகித ரோஜா, அப்பம், சர்க்கரை மிட்டாய்னு தொங்க விட்டதா ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு. இன்னைக்கு நாம வாங்கற சிவப்பு உருண்டை அந்த ஆப்பிளோட வாரிசு.

இப்ப கடைக்கு வரேன். சந்தைல முதல் அரை மணி நேரம் கண்ணு கூசி எதையும் வாங்க முடியல. ஒரு சந்துல கூட்டம் இல்லாத ஒரு வீட்டுக் கடை இருந்துச்சு, முன்னாடி கடை, பின்னாடி பட்டறை, தாத்தா ஊதறாரு, மக வெள்ளி பூசறாங்க, பேத்தி கல்லால உக்காந்திருக்கா. பேரு போடல, ஏன்னா குறையும் சொல்ல போறேன்.

தாத்தா பேசற ஜெர்மன் எனக்கு பாதிதான் புரிஞ்சுச்சு, இந்த ஊரு பாஷையே தனி, நம்ம நாகர்கோவில் தமிழ சென்னைக்காரங்க கேட்டு முழிக்கற மாதிரி முழிச்சேன். ஆனா கைவேலைக்கு பாஷை வேணாமே. பென்சில விட கொஞ்சம் தடிமனா ஒரு கண்ணாடி குழாய் எடுக்கறாரு, கேஸ் தீ நீலமா சீறுது, குழாய் நடுவ அதுல காட்டி ரெண்டு கையாலயும் உருட்டிக்கிட்டே இருக்காரு, நிறுத்தினா ஒரு பக்கமா தொங்கிடும். கண்ணாடி ஆரஞ்சு கலருக்கு வந்து தேன் மாதிரி இளகினதும் தீய விட்டு வெளிய எடுத்து, வாயில வச்சு ஒரு ஊது, அவ்ளோதான், உருண்டை வந்துடுச்சு. அஞ்சு செகண்டு கூட இருக்காது. அவருக்கு அளவுகோலும் இல்ல ஒண்ணும் இல்ல, வரிசையா பத்து ஊதினாரு, பத்தும் ஒரே சைஸ். சாண்டா, பறவை, பைன் காய் மாதிரி உருவம் வேணும்னா சூடான குழாய ரெண்டா பிரியற அச்சுக்குள்ள வச்சு மூடிட்டு ஊதறாரு. அந்த அச்சுல சிலது அவரோட தாத்தா காலத்துது, அத மட்டும் என் பொண்ண தொட விடல.

எனக்கு ரொம்ப பிடிச்சது பின்னாடி மக செஞ்ச வேலை. ஊதின பந்து வெறும் கண்ணாடியா தெளிவா இருக்கும், அடுத்து கழுத்து வழியா ஒரு கரைசல கொஞ்சூண்டு உள்ள விட்டு, சுடுதண்ணில பிடிச்சு குலுக்கறாங்க. முதல்ல ஒண்ணும் இல்ல, அப்புறம் அழுக்கு டீ தண்ணி மாதிரி பழுப்பாகுது, அடுத்த நொடில பாத்தா உள்ளுக்குள்ள முழுக்க கண்ணாடி மாதிரி வெள்ளி, என் மூஞ்சி அதுல தெரியுது. என்ன கரைசல்னு கேட்டேன், சில்வர் நைட்ரேட், அம்மோனியா, அப்புறம் குளுக்கோஸ். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சில்வர் நைட்ரேட்டா, நாங்க புண்ணுல கூடுதலா வளர்ற சதைய பொசுக்க வச்சிருக்கறதும் அதானே. பொறந்த குழந்தை கண்ணுல ஒரு சொட்டு விடறத 1880கள்ல லைப்சிக்ல கிரெடேன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்தாரு, நர்சிங் படிச்சவங்களுக்கு அந்த பேரு ஞாபகம் இருக்கும். அந்த அம்மா கைய நீட்டி காமிச்சாங்க, விரல் நுனியெல்லாம் கருப்பு. எனக்கும் ஒரு காலத்துல அப்படி ஆகி ஒரு வாரம் போகலன்னு சொன்னேன், அதுக்கப்புறம் எங்களுக்குள்ள நல்லா ஒட்டிக்கிச்சு, காபி எல்லாம் குடுத்தாங்க.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுகிட்டேன். செயற்கை கண்ணு இருக்குல்ல, கண்ணாடில செய்யறது, அதுக்கும் இதே ஊருதான். லுட்விக் முல்லர் ஊரின்னு ஒரு ஊதுகாரர் இங்க 1830கள்ல இருந்தே மனுஷ கண்ணு ஊத ஆரம்பிச்சு, 1868ல கிரையோலைட்னு ஒரு தாதுவ சேத்து வெள்ளை கண்ணாடி ஒண்ணு கண்டுபிடிச்சாரு, கண்ணீர் பட்டாலும் சீக்கிரம் அரிக்காது, லேசா இருக்கும். அதே தீ, அதே குழாய், அதே மூச்சு, ஒருத்தன் மரத்துக்கு ஊதினான், ஒருத்தன் முகத்துக்கு ஊதினான். இதுக்கு அப்புறம் மரத்துல தொங்கற பந்த பாத்தா அது என்னை பாக்கற மாதிரியே இருக்கு, அத விடுங்க.

பழைய காலத்துல இது முழுக்க வீட்டு வேலை, அடுப்படிதான் பட்டறை. அப்பா ஊதுவாரு, அம்மா வெள்ளி பூசி சாயத்துல முக்குவாங்க, பிள்ளைங்க ராத்திரி உக்காந்து பூ வரைஞ்சு மூடி மாட்டுங்க. நம்ம சிவகாசி பக்கம் வீட்டு வீட்டுக்கு தீப்பெட்டி ஒட்டுவாங்களே, கிட்டத்தட்ட அந்த கணக்குதான், டஜனுக்கு இவ்ளோன்னு கூலி, லாபம் எல்லாம் சோனபெர்க் வியாபாரிக்கு. பெண்டுங்க முதுகுல கூடை கட்டி அந்த மலைய இறங்கி சோனபெர்க் வரைக்கும் சரக்க கொண்டு போவாங்க, ரயிலு இந்த ஊருக்கு வந்தது 1886லதான். நாங்க ட்ரெயின்ல வந்தப்ப "எவ்ளோ ஏத்தம்"னு சொல்லிகிட்டே வந்தோமே, அந்த ஏத்தம்தான்.

அதுக்கு நடுவுல 1867ல ஊருக்கு கேஸ் வந்துச்சு. இதுதான் சேகரிக்கறவங்க கவனிக்க வேண்டிய வருஷம். கேஸ் தீல சூடு அதிகம், அத கூட்டி குறைக்கவும் முடியும், அதனால முட்டை ஓடு மாதிரி மெலிசா, அதே சமயம் பெருசாவும் ஊத முடிஞ்சுச்சு. அதுக்கு முந்தின காலத்து பாணி பந்து தடியா கனமா இருக்கும், உள்ள வெள்ளிக்கு பதிலா ஈயம் கலந்த பூச்சு, மேல பித்தளை மூடி. அமெரிக்காக்காரங்க அத மட்டும்தான் கூகெல்னு சொல்லுவாங்க, நம்ம மரக் கிளைக்கு தாங்காது, கூரைல ஜன்னல்லதான் தொங்க விடணும். அதுல சிவப்பும் ஊதாவும் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், கிடைச்சா விலைய கேக்காம நகந்துடறது நல்லது.

இதெல்லாம் அமெரிக்கா போன கதை தனி. பத்து சென்ட் கடை போட்ட வூல்வொர்த் இருக்காரே, 1880ல ஃபிலடெல்ஃபியால ஒரு இறக்குமதி வியாபாரி இந்த பந்த காமிச்சப்ப "இத எவன் வாங்குவான், பாதி வழிலயே உடஞ்சுடும்"னு வேண்டா வெறுப்பா 25 டாலருக்குத்தான் எடுத்தாரு. ரெண்டு நாள்ல காலி. பத்து வருஷத்துல அவரே லௌஷாவுக்கு ஆர்டர் குடுக்க கப்பல் ஏறி வந்துட்டாரு. அப்புறம் 1930கள் கடைசில சண்டை வரப்போகுது, ஜெர்மன் சரக்கு நின்னுடும்னு தெரிஞ்சதும், மாக்ஸ் எக்கார்ட்னு ஒரு வியாபாரி, அவரு பொறந்ததே சோனபெர்க்க ஒட்டின ஊருலதான், கார்னிங்னு ஒரு அமெரிக்க கண்ணாடி கம்பெனிய பிடிச்சு பல்பு ஊதற மிஷின்லயே பந்து ஊத வச்சுட்டாரு. பல்பும் பந்தும் ஒரே ஜாதிதானே, மெலிசு கண்ணாடி, உள்ள காத்து. 1940ல ஒரு நாளைக்கு 3 லட்சம் பந்து. ஷைனி பிரைட்னு பேரு, டப்பா மேல சாண்டாவும், அமெரிக்காவுக்கு அடையாளமா வரையற தாடிக்கார அங்கிள் சாமும் கை குலுக்கற படம். யோசிச்சு பாருங்க, லௌஷா பக்கத்து மனுஷன்தான் லௌஷா பொழப்புல மண்ண போட்டது. அவர திட்டவும் மனசு வரல, கடையே இல்லாம போறதுக்கு அது மேல்.

அந்த ஷைனி பிரைட்ட இன்னைக்கு தேடி தேடி வாங்கறாங்க, அதுல வருஷம் கண்டுபிடிக்கற சூட்சுமம் எனக்கு ரொம்ப பிடிக்கும். யுத்த காலத்துல உலோகம் கிடைக்கல, அதனால உள்ள வெள்ளி பூசாம வெறும் கண்ணாடில மெல்லிசா கலர் கோடு மட்டும் போட்டாங்க, தகர மூடிக்கு பதிலா அட்டை மூடி. அட்டை மூடி போட்ட பந்து கையில சிக்குச்சுன்னா அது யுத்தத்துக்கு தப்பிச்சு வந்ததுன்னு அர்த்தம்.

மூடிய பாருங்கன்னு தாத்தா சொன்னதும் அதான். பந்த விட மூடிதான் உண்மைய பேசும். ஜெர்மனின்னு மட்டும் இங்கிலீஷ்ல அச்சு இருந்தா அது அமெரிக்காவுக்கு போன சரக்கு, 1891ல இருந்து அங்க இறங்கற பொருள்ல நாட்டு பேரு இருக்கணும்னு சட்டம். வெஸ்ட் ஜெர்மனின்னு இருந்தா 1949க்கும் 1990க்கும் நடுவுல, அது லௌஷாவா இருக்க முடியாது, ஏன்னா லௌஷா கிழக்குல மாட்டிகிட்டு அரசாங்க கம்பெனியா ஆயிடுச்சு, தப்பிச்சு அந்த பக்கம் போனவங்க எல்லைக்கு அங்கிட்டு நோய்ஷ்டாட்ல பட்டறை போட்டாங்க. ஆனா மூடிய மாத்தி மாட்டறதும் சுலபம், அதனால அத மெதுவா கழட்டி கழுத்த பாருங்க. பழசுன்னா வெட்டின விளிம்பு கரடுமுரடா இருக்கும், உள்ள வெள்ளி அங்கங்க கருத்து புள்ளி புள்ளியா இருக்கும். எனக்கு வந்த 12ம் வெளிய பழுப்பு சாயம் அடிச்சு பழசாக்கியிருக்கான், உள்ள எட்டி பாத்தா புது தட்டு மாதிரி பளபளன்னு இருக்கு. தாத்தா ஒண்ண கையில வாங்கி ஒரு தடவை ஆட்டி பாத்துட்டு திருப்பி குடுத்துட்டாரு, ஒரு வார்த்தை பேசல, எனக்கு எங்க ஊரு தட்டார் நெனப்பு வந்துடுச்சு, அவரும் கவரிங் நகைய இப்படித்தான் திருப்பி குடுப்பாரு.

நான் வாங்கினது என்ன, விலை என்ன. சாதா உருண்டை ஒண்ணு 7 யூரோ, கையால பூ வரைஞ்சது 14, அச்சுல ஊதின பறவை 16. அந்த பறவைக்கு வாலு கண்ணாடி நார்ல, சுத்தின கம்பி ஸ்பிரிங்குல கிளைய கவ்வி நிக்கும், தொங்காது, காத்துல ஆடுச்சுன்னா நிஜ குருவி மாதிரி வெடுக் வெடுக்குன்னு அசையும், இது மட்டும் கண்ண மூடிட்டு வாங்குங்க. கல்லா பக்கத்துல ஒரு கூடைல கோணல் மாணல் எல்லாம் ரெண்டு ரெண்டு யூரோவுக்கு கிடக்கு, புதுசா ஆரம்பிக்கறவங்க அந்த கூடைல இருந்து ஆரம்பிங்க, மரத்துல மாட்டினப்பறம் கோணல் எவனுக்கு தெரிய போகுது. மொத்தம் 71 யூரோ ஆச்சு, அந்த ஆன்லைன் மனுஷனுக்கு அழுதது 65.

குறைன்னா, கார்ட் எடுக்க மாட்டாங்க, ரொக்கம் மட்டும்தான், வீட்டுக்காரரு ஏடிஎம் தேடி அந்த மேட்டுல ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்தாரு. பேக்கிங் சுமார், ஒரு டிஷ்யூ பேப்பர் சுத்தி குடுத்தாங்க, வீடு வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணு காலி. பொண்ணு தானே ஊதறதுக்கு தனியா 9 யூரோ, வரிசைல ஒரு மணி நேரம் நின்னோம், வரிசை நிக்கற இடத்துல கூரை இல்ல, பனி மண்டைல. நூரம்பெர்க்ல கிறிஸ்ட்கிண்ட்லெஸ்மார்க்ட்ங்கற கிறிஸ்மஸ் சந்தை கூட்டத்த பாத்து பழகினவங்களுக்கு இது பெரிய விஷயம் இல்ல, ஆனா சின்ன பிள்ளை வச்சிருக்கறவங்க காலைலயே போயிடுங்க.

ஊறுகா வெள்ளரிக்கா வடிவத்துல ஒரு பச்சை பந்து எல்லா கடைலயும் இருக்கும், கூடவே ஒரு துண்டு பேப்பர், பழங்கால ஜெர்மன் வழக்கம், மரத்துக்குள்ள இத ஒளிச்சு வைக்கணும், முதல்ல கண்டுபிடிக்கற பிள்ளைக்கு கூடுதலா ஒரு பரிசுன்னு. எங்க வார்டுல பத்து ஜெர்மன்காரங்கள கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல, "அமெரிக்கால அப்படி செய்வாங்களாமே"ன்னு என்கிட்டயே திருப்பி கேக்கறாங்க. பெரும்பாலான ஜெர்மன்காரங்க கேள்விப்படாத ஜெர்மன் வழக்கம் இது. ஆனாலும் வாங்கினேன், ஏன்னா பொண்ணு துண்டு பேப்பர படிச்சுட்டா.

பாதுகாக்கறது பத்தி ரெண்டு வார்த்தை. தண்ணி விட்டு கழுவாதீங்க, பழைய பந்துல சாயம் அப்படியே கரைஞ்சு வந்துடும், மேக்கப் பிரஷ் மாதிரி மெத்துன்னு ஒண்ணால தூசிய தட்டினா போதும். மூடி இல்லாம வைக்காதீங்க, ஈரக் காத்து உள்ள போய் வெள்ளிய கருக்கிடும். நியூஸ்பேப்பர் வேணாம், மை ஒட்டும். பாளையங்கோட்டைல எங்க பக்கத்து வீட்டு மாமி கொலு பொம்மைய பழைய வேட்டிய கிழிச்சு சுத்தி தகர டிரங்க்ல வைப்பாங்க, ஒரு பொம்மைக்கு மூக்கு கூட உடஞ்சதில்ல. நானும் அதேதான், வீட்டுக்காரரோட பழைய வேட்டி ரெண்டு பந்துக்கு போயிடுச்சு, முட்டை அட்டைல வச்சு அலமாரி மேல் தட்டுல. பரண் வேணாம், பேஸ்மெண்ட் வேணவே வேணாம்.

இப்ப இந்த கைத்தொழிலுக்கு மரியாதை எல்லாம் கிடைச்சிருக்கு, 2023ல கையால கண்ணாடி செய்யற கலைய ஜெர்மனி உள்பட ஆறு நாட்டு பேருல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. தாத்தாகிட்ட இத பத்தி கேட்டேன். நல்ல விஷயம்தான், ஆனா கேஸ் பில்லு எவ்ளோன்னு தெரியுமாம்மான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.

மார்க்கு போடணும்னா ஊருக்கு 5க்கு 5, அந்த பட்டறைக்கு 4, ஒரு மார்க்க பேக்கிங்குக்கும் ரொக்கத்துக்கும் சேத்து கழிச்சுட்டேன். ஆன்லைன் பாட்டிக்கு பூஜ்யம்.

பொண்ணு ஊதின பந்து என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. குழாய தாத்தா உருட்ட, இவ ஒரே மூச்சா முழு பலத்தோட ஊதிட்டா, அது உருண்டையா வராம நம்ம கத்தரிக்கா மாதிரி ஒரு பக்கம் புடைச்சு வந்துச்சு. தாத்தா இத கூடைல போட்டுட்டு வேற ஒண்ணு ஊதுவோமான்னு கேட்டாரு, இவ விடல, அதுக்கும் வெள்ளி பூசி ஊதா கலர்ல முக்கி குடுத்துட்டாங்க. வரும்போது ட்ரெயின்ல உடஞ்சது 14 யூரோ பூப் பந்து. கத்தரிக்கா மட்டும் அவ குல்லாக்குள்ள பத்திரமா வந்து சேந்துச்சு. மரத்துல இப்ப எல்லாத்துக்கும் முன்னாடி அதான் தொங்குது, பக்கத்துல ஊறுகா வெள்ளரிக்கா, வீட்டுக்காரரு சாம்பார் மரம்னு பேரு வச்சிருக்காரு.